ஆறு பேர் பேண்டுக்குச் சொந்த சவுண்ட் செட்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஆறாவதுகம்பி:

வணக்கம். எங்கள் பேண்டில் ஆறு பேர். முதன்மைப் பாடகி ஒருவர், நான் அகூஸ்டிக் கிட்டாரும் பின்குரலும், மற்றபடி கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், புல்லாங்குழல். பெரும்பாலும் சின்ன இடங்கள்தான். நூறு, நூற்றைம்பது பேர் உட்காரும் ஹால், எப்போதாவது திறந்தவெளி. இதுவரை போகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதை வைத்து வாசித்தோம், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுத்தோம். ஒவ்வொரு முறையும் வேறு மிக்சர், வேறு ஸ்பீக்கர், வேறு ஆள்.

பாடகிக்குத் தன் குரல் தனக்கே கேட்பதில்லை. மானிட்டரை (மேடையில் எங்களைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றினால் உடனே ஊளை, ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் வரும் அந்தக் கூச்சல். குழல் மைக்கைக் கொஞ்சம் தூக்கினால் அதுவும் ஊளை, அதனால் யாரும் தூக்குவதில்லை. நிகழ்ச்சி வீடியோவைப் பார்த்தால் அவர் ஊதுகிறார் என்று கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாது.

இப்போது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு சொந்தமாக வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஸ்பீக்கர் 12 இன்ச்சா, 15 இன்ச்சா? சப்வூஃபர் (அடி ஓசைக்கான தனி ஸ்பீக்கர்) கட்டாயமா? மிக்சர் அனலாகா, டிஜிட்டலா? டிரம்மர் தூண் மாதிரி மெலிந்த ‘காலம்’ (column) ஸ்பீக்கர் போதும் என்கிறார். தனியாக சவுண்ட்காரர் எங்களிடம் இல்லை, எங்களில் ஒருவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாம் ஒரே காரில் ஏற வேண்டும், அதுவும் முக்கியம்.

மைக் கைவசம் இருப்பது ஷூர் எஸ்எம்58 இரண்டு. வேறு ஒன்றும் இல்லை.


ஓசைப்பெட்டி:

ரொம்ப யோசிக்காதீங்க. 15 இன்ச் ரெண்டு, ஒவ்வொண்ணும் 2000 வாட்டுக்குக் குறையாம. கூட ஒரு சப். திறந்தவெளியில் வாட் குறைவா இருந்தா திணறிடும், அப்போ வருத்தப்பட்டு பிரயோஜனம் இல்ல. மிக்சர் ஏதாவது 12 சேனல் போதும். முதல்ல பெரிய ஸ்பீக்கரை வாங்கிடுங்க, மத்ததெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்.


மேடைமூலை:

மேலே நண்பர் சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்லப் போகிறேன். சண்டைக்கு வரவில்லை, காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் கீபோர்டு வாசிக்கிறவன். எங்கள் குழுவிலும் சவுண்டுக்கு என்று தனி ஆள் கிடையாது. வாசித்துக்கொண்டே பக்கத்தில் டேப்லெட்டை வைத்து மிக்ஸ் பண்ணும் வேலை என் தலையில் விழுந்து வருஷக்கணக்கு ஆகிறது. ஆகவே இது மேடையில் நிற்கிறவனின் பார்வை. ஹாலின் பின்னால் கன்சோலோடு இருப்பவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

உங்கள் கேள்வியை நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். மொத்தச் சத்தம் போதவில்லை என்று ஓர் இடத்தில்கூட இல்லை. பாடகிக்குத் தன் குரல் கேட்கவில்லை, மானிட்டர் ஊளையிடுகிறது, குழல் மைக்கை ஏற்ற முடியவில்லை. மூன்றும் மேடைக்கு உள்ளே நடக்கிற தகராறு. 15 இன்ச் ஸ்பீக்கர் வந்தாலும் இவை மூன்றும் அப்படியேதான் இருக்கும், இன்னும் பெரிய சத்தத்தில். பணத்தை முதலில் மேடைக்குள் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

வாட் கதையை முதலில் முடித்துவிடுவோம். கியூஎஸ்சி நிறுவனத்தின் 8, 10, 12 இன்ச் ஸ்பீக்கர்களான கே8.2, கே10.2, கே12.2 மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஒரே 2000 வாட் ஆம்ப்தான். ஆனால் அந்த நிறுவனமே கொடுக்கும் உச்ச அளவு முறையே 128, 130, 132 டெசிபல். வாட் மாறவில்லை, சத்தம் மாறுகிறது. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று படுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் பீக் வாட். தொடர்ந்து தாங்குவது அதைவிட நன்றாகவே குறைவு. ஸ்பெக் ஷீட்டில் மேக்ஸ் எஸ்பிஎல் (உச்சச் சத்த அளவு) என்று ஒரு வரி இருக்கும், ஒப்பிட வேண்டுமானால் அதை ஒப்பிடுங்கள். அதுவும் உச்சக் கணக்குதான், ஆனாலும் வாட்டைவிட உபயோகமான எண்.

நூற்றைம்பது பேர் ஹாலுக்கு நல்ல 12 இன்ச் ஆக்டிவ் ஸ்பீக்கர் (உள்ளேயே ஆம்ப் உள்ளது) இரண்டு தாராளம். 10 இன்ச்சைக்கூட நான் ஒதுக்க மாட்டேன். கே12.2 பரப்பும் கோணம் 75 டிகிரி, கே10.2 பரப்புவது 90 டிகிரி. அகலமான, ஆழம் குறைந்த ஹாலில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சின்னதுதான் நன்றாகக் கேட்கும். 15 இன்ச்சில் எனக்குள்ள சங்கடம் குரல். அந்தப் பெரிய கோன் குரலின் நடுப்பகுதி வரை ஏறிப் பாட வேண்டியிருக்கிறது. விலை குறைந்த பெட்டிகளில் அந்த இடத்தில்தான் சொற்கள் மங்கும். தூக்கிக் காரில் வைப்பது தனிக் கதை.

சப் இப்போதைக்கு வேண்டாம். பேஸ் கிட்டாரின் அடி ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்தை 12 இன்ச்சும் முழுதாகத் தராது, 15 இன்ச்சும் தராது. பேஸ்காரரிடம் சொந்த ஆம்ப் இருந்தால் சின்ன ஹாலுக்கு அதுவே போதும். கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அழுத்தமாக வெளியே தள்ள வேண்டும், ஆட வைக்க வேண்டும் என்கிற வகைப் பாட்டு என்றால் அப்போது சப். கார் டிக்கியில் மிச்ச இடத்தை அது தின்றுவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

மிக்சருக்கு வருகிறேன், இங்கேதான் நிதானம் வேண்டும். சேனல் எண்ணிக்கையை நம்பி வாங்காதீர்கள். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்12 என்ற பெயரைப் பார்த்தால் பன்னிரண்டு மைக் போடலாம் என்று தோன்றும். மைக் ப்ரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலை ஏற்றும் பகுதி) அதில் நான்குதான், மற்ற எட்டும் கீபோர்டு மாதிரி பலமான சிக்னலுக்கான லைன் உள்ளீடு. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ என்றால் பத்தில் நான்கு, எம்ஜி12எக்ஸ்யூ என்றால் பன்னிரண்டில் ஆறு. மேலே ‘ஏதாவது 12 சேனல்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் மேடையில் என்ன என்ன இருக்கிறது? பாடகி, உங்கள் பின்குரல், குழல், கிக், டிரம்ஸுக்கு மேலே ஒன்று. இந்த ஐந்தும் மைக். கிட்டார், கீபோர்டு, பேஸ் மூன்றும் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மைக் சிக்னல் மாதிரி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக வரும், அவையும் மைக் செருகும் எக்ஸ்எல்ஆர் துளையில்தான் போகும். ஆக எட்டு. கீபோர்டை ஸ்டீரியோவில் கேட்டால் ஒன்பது. சின்ன ஹாலில் மோனோ போதும். கீபோர்டு பின்னால் இடது அவுட்டில் மோனோ என்றும் எழுதியிருந்தால் அதில் மட்டும் கேபிளைச் செருகுங்கள், இரண்டு பக்கமும் சேர்ந்து வந்துவிடும்.

அடுத்தது மானிட்டர். பாடகிக்கு அவர் குரல் வேண்டும், குழல்காரருக்கு சுருதி பிடிக்கக் கீபோர்டு வேண்டும், டிரம்மருக்கு பேஸும் கிட்டாரும் வேண்டும். ஒரே கலவையை எல்லோருக்கும் அனுப்பினால் ஒருவர் ஏற்றச் சொல்வார், இன்னொருவர் குறைக்கச் சொல்வார். கடைசியில் எல்லாமே ஏறிக் கிடக்கும். தனித்தனிக் கலவை வேண்டுமானால் தனித்தனி ஆக்ஸ் (மிக்சரிலிருந்து ஒரு கலவை தனியாக வெளியே போகும் வழி) வேண்டும். அந்த ஆக்ஸ் ப்ரீ ஃபேடராக, அதாவது சேனலின் அளவை மாற்றும் ஃபேடருக்கு முன்பே பிரிவதாக, இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் வெளி ஸ்பீக்கருக்காக ஃபேடரை அசைக்கும்போது மானிட்டர் அளவு மாறாது. ரிவெர்புக்குப் (எதிரொலி எஃபெக்ட்) போகும் ஆக்ஸ் மட்டும் போஸ்ட் ஃபேடர், ஃபேடருக்குப் பிறகு பிரிவது. எம்ஜி10எக்ஸ்யூவில் ஆக்ஸ் ஒன்றுதான், அதையும் எஃபெக்டோடு பங்கு போட வேண்டும். ஆறு பேருக்கு இது எப்படிப் போதும்?

இந்தக் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் டிஜிட்டல் பக்கம்தான் போக வேண்டியிருக்கும். எக்ஸ்ஆர்16ல் மைக் ப்ரீஆம்ப் எட்டு, ஆக்ஸ் நான்கு. உங்களுக்கு இறுக்கமாகப் பொருந்தும், நாளைக்கு ஒரு வயலின் சேர்ந்தால் இடம் இருக்காது. எக்ஸ்ஆர்18ல் ப்ரீஆம்ப் பதினாறு, ஆக்ஸ் ஆறு. நான் என்றால் பெரியதையே எடுப்பேன், ஸ்பீக்கரில் ஒரு படி இறங்கியாவது. சவுண்ட்கிராஃப்ட் யுஐ24ஆர் போன்ற மற்றவையும் இதே வேலையைச் செய்பவைதான். எந்தப் பெயர் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, ப்ரீஆம்பையும் ஆக்ஸையும் எண்ணிவிட்டு வாங்குங்கள் என்பதில்தான் பிடிவாதம்.

டிஜிட்டலில் எனக்குப் பிடித்தது எஃபெக்டோ மற்ற ஜிகினாவோ இல்லை. ஒவ்வொரு மானிட்டருக்கும் தனி ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஏற்றி இறக்குவது), போன வாரம் வைத்த அளவை அப்படியே திரும்ப அழைக்கும் வசதி, இந்த இரண்டும்தான். ஒத்திகையில் ஒரு முறை உட்கார்ந்து சரிசெய்து சேமித்துவிட்டால் மேடையில் பாதி வேலை முடிந்த மாதிரி. புது ஹாலில் கொஞ்சம் திருத்தினால் போதும்.

காலம் ஸ்பீக்கர் பற்றி: மெலிந்த உருவம், தூக்க எளிது, முன்வரிசையைச் செவிடாக்காமல் பின்வரிசை வரை போகும். கிட்டாரும் குரலும் மட்டும் உள்ள குழுவுக்கு அருமையான பொருள். போஸ் எல்1 2003ல் வந்தபோது முன்வைத்த யோசனையே அதை வாசிப்பவர்களுக்குப் பின்னால் நிறுத்தலாம், மானிட்டராகவும் அதுவே ஆகிவிடும் என்பது. ஆனால் பின்னால் நிறுத்தினால் எல்லா மைக்குக்குள்ளும் அதன் சத்தம் நேராக விழும். டிரம்ஸுக்கு ஈடாக ஏற்ற வேண்டிய குழுவில் அது தாங்காது. டிரம்மர் தன் செட்டை வீட்டில் வைத்துவிட்டு கஹோன் (மேலே உட்கார்ந்து தட்டும் மரப்பெட்டி) வாசிக்கத் தயாரா என்று கேட்டுப் பாருங்கள், தயார் என்றால் காலம் வாங்கலாம்.


கீழ்சுருதி:

வாடகைக்கு சவுண்ட் கொடுக்கிற தொழில் எனக்கு. மேடைமூலை சொன்னது பெரும்பாலும் சரி. குழல் விஷயத்தை அவர் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் பத்துக் குழுவில் ஒன்பது குழுவுக்கு இதே நோய்.

குழல்காரர் எங்கே நிற்கிறார்? டிரம்ஸுக்கு நேர் முன்னால், கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரா? அப்படியானால் அவருடைய மைக் யாரைப் பார்த்து நிற்கிறது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் வாயை, அதற்குப் பின்னால் சிம்பலை. எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு மைக்குக்கு முன்பக்கம்தான் காது. டிரம்ஸ் அந்தக் காதுக்குள்ளேயே அடிக்கிறது. நீங்கள் குழலை ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு சிம்பலை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

அவரை மேடை ஓரத்துக்கு நகர்த்துங்கள், கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பி நிற்கட்டும். மைக்கின் முதுகு டிரம்ஸ் பக்கம் வரும்படி ஸ்டாண்டைத் திருப்புங்கள். ஒரு பைசா செலவில்லை. வித்தியாசத்தை நீங்களே கேட்பீர்கள். பாடகி விஷயத்திலும் இதேதான், நட்டநடுவில் டிரம்ஸுக்கு முன்னால் நிற்பது பார்க்க அழகு, மைக்குக்கு ஆகாது.

மைக் எங்கே வைப்பது: ஊதும் துளைக்கு நேர் எதிரே வைத்தால் காற்று ‘புஸ் புஸ்’ என்று விழும். ஊதும் துளைக்கும் முதல் விரல் துளைக்கும் நடுவே, கொஞ்சம் மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி வையுங்கள். ஹைபாஸை (குறித்த அளவுக்குக் கீழே உள்ள அடி ஓசையை வெட்டும் ஃபில்டர்) 150 ஹெர்ட்ஸ் வரை ஏற்றலாம். குழலின் அடி ஸ்வரம் அதற்கு மேலேதான் இருக்கும், கிக்கும் பேஸும் அந்த மைக்கிலிருந்து காணாமல் போகும். மிகப் பெரிய அடிசுருதிக் குழல் என்றால் மட்டும் கேட்டுப் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள். பாடகிக்கு 100 வைத்தாலே போதும்.

தூரம்தான் பெரிய விஷயம். வாய்க்கும் மைக்குக்கும் இடைவெளி இரட்டிப்பானால் மைக்குக்குள் போகும் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். ஒரு இன்ச்சிலிருந்து இரண்டு இன்ச்சுக்குப் போனாலே அந்த 6 போய்விட்டது. அதை ஈடுகட்ட கெயினை 6 ஏற்றினால் டிரம்ஸும் மானிட்டரும் சேர்ந்து 6 ஏறும், ஊளை வந்து நிற்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மைக்கை அரை அடி தள்ளிப் பிடிப்பது சில பாடகர்களின் பழக்கம். பெரிய கச்சேரி வீடியோக்களைப் பார்த்து வந்த பழக்கம் அது, அங்கே அவர்கள் காதில் இயர் மானிட்டர் இருக்கிறது. அப்புறம், மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கவே கூடாது. பின்னாலிருந்து காற்று போகிற வழி அடைபட்டால் அந்த மைக் நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும்.

எஸ்எம்58 1966லிருந்து இருக்கிறது, இன்னும் யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. இருக்கிற இரண்டையும் குரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மானிட்டரை அதற்கு நேர் பின்னால், பாடகியின் முகத்துக்கு எதிரே வையுங்கள், அந்தப் பக்கம்தான் அது குறைவாகக் கேட்கும். பீட்டா 58ஏ மாதிரி சூப்பர்கார்டியாய்டு வாங்கினால் இடம் மாறும். அதற்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், சுமார் 126 டிகிரியில்தான் காது மந்தம். அதனால் மானிட்டரை நடுவில் வைக்காமல் பக்கவாட்டில் ஒதுக்கி வைக்க வேண்டும். மைக்கை மட்டும் மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, புது மைக் மோசம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளைக்கு முன் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். நீங்கள் பாடாத பாட்டில் உங்கள் மைக்கை மியூட் பண்ணுங்கள். குழல் இல்லாத பாட்டில் குழலை மியூட் பண்ணுங்கள். சின்ன ஹாலில் டிரம்ஸுக்கு மேலே மைக்கே தேவைப்படாது, அதை ரெகார்டிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிஐ பாக்ஸில் கஞ்சம் வேண்டாம். கிட்டாரில் இருப்பது பீசோ பிக்கப் (கிட்டாரின் அதிர்வைப் பிடிக்கும் வகை), உள்ளே ப்ரீஆம்ப் இல்லை என்றால் ஆக்டிவ் டிஐதான் (மின்சாரத்தில் ஓடும் வகை) வேண்டும், உள்ளீடு பத்து லட்சம் ஓம் அளவில் இருப்பது. பேசிவ் டிஐ போட்டால் அடி மெலிந்து, தகரம் தட்டுகிற மாதிரி கேட்கும். கீபோர்டுக்குப் பேசிவே போதும்.


இரண்டாம்குரல்:

பாடுகிறவள் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

மேடையில் தன் குரல் கேட்காதபோது நாங்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான், கத்துவது. கத்தினால் சுருதி மேலே போகும், மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டும். அப்போது சவுண்டில் இருப்பவர் மானிட்டரை ஏற்றுவார், டிரம்மர் அதற்கு மேல் அடிப்பார். யார் முதலில் குறைப்பது என்பதுதான் கேள்வி, யாரும் குறைக்க மாட்டார்கள்.

எங்கள் குழுவில் இது ஒரு சின்ன மாற்றத்தில் பாதி சரியானது. கிட்டார் ஆம்ப் தரையில் இருந்தது, சத்தம் முழுக்க வாசிப்பவரின் முழங்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்குக் கேட்காது, எதிரே நிற்கிற எனக்கும் முதல் வரிசைக்கும் காது கிழியும். ஆம்பை ஒரு பெட்டி மேல் ஏற்றி, அவர் காதைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைத்தோம். அவரே கையை நீட்டிக் குறைத்துக்கொண்டார். உங்கள் பேஸ் ஆம்புக்கும் இதைச் செய்து பாருங்கள்.

இயர் மானிட்டரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லையே. வயர்லெஸ்தான் வேண்டும் என்று இல்லை. டிரம்மரும் கீபோர்டுகாரரும் ஓரிடத்தில் உட்கார்ந்தே இருப்பவர்கள். மிக்சரின் ஆக்ஸிலிருந்து ஒரு கேபிள், சின்ன ஹெட்போன் ஆம்ப், காதுக்குள் நன்றாக அடைக்கிற இயர்போன், முடிந்தது. இரண்டு மானிட்டர் பெட்டி மேடையிலிருந்து குறையும், காரிலும் குறையும். டிரம்ஸ் பக்கத்தில் 100 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 85 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வரம்பு என்கிறது. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும், 100க்கு வரும்போது மிஞ்சுவது பதினைந்து நிமிஷம். உங்கள் டிரம்மர் எவ்வளவு நேரம் வாசிக்கிறார்?

ஆனால் இயர்போனைப் போட்டுக்கொண்டு உள்ளே ஏற்றிவிட்டால் காப்பாற்ற யாரும் இல்லை. அந்த ஆக்ஸில் லிமிட்டர் (குறித்த அளவுக்கு மேல் சத்தத்தை ஏறவிடாதது) போடுங்கள், டிஜிட்டல் மிக்சரில் இருக்கும்.


ஆறாவதுகம்பி:

இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. குழல்காரர் டிரம்ஸுக்கு நேர் முன்னால்தான் நிற்கிறார்! நேற்று ஒத்திகையில் ஓரத்துக்கு நகர்த்தி மைக்கைத் திருப்பினோம், அவருக்கே ஆச்சரியம்.

இப்போதைய திட்டம்: எக்ஸ்ஆர்18, 12 இன்ச் ஆக்டிவ் இரண்டு, பாடகிக்கும் குழலுக்கும் 10 இன்ச் மானிட்டர் ஒவ்வொன்று, டிரம்ஸ் கீபோர்டு இரண்டு பேருக்கும் வயர் இயர்போன். எனக்கும் பேஸுக்கும் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, பாடகியின் மானிட்டரில் ஒட்டுக்கேட்போம். சப் இல்லை.

இரண்டு சந்தேகம். டேப்லெட் நடுவில் இணைப்பு விட்டுப்போனால் என்ன ஆகும்? ஓர் இடத்தில் எதைத் தொட்டாலும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தது, யாரோ பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிடச் சொன்னார்கள், உடனே நின்றுவிட்டது. அது சரியான வழிதானா?


மேடைமூலை:

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. எர்த் பின்னை எடுத்தால் இரைச்சல் நிற்பது உண்மைதான், கூடவே உங்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருந்த பாதுகாப்பும் போய்விடும். ஏதாவது ஓர் ஆம்பில் உள்ளே கோளாறு இருந்தால் கிட்டார் கம்பி உங்கள் கையில், மைக் உங்கள் உதட்டில், நீங்கள்தான் வயர். யார் அந்த யோசனையைச் சொன்னாரோ அவரிடம் இனி எதுவும் கேட்காதீர்கள்.

அந்த இரைச்சல் பெரும்பாலும் கிரவுண்ட் லூப் (எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவது). மிக்சர் ஒரு மூலை பிளக்கில், கீபோர்டு வேறு சுவர் பிளக்கில் என்று இருக்கும்போது வரும். மேடைச் சாமான் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து, எர்த் உள்ள தரமான எக்ஸ்டென்ஷனில் எடுங்கள். விளக்குகளுக்கு வேறு சர்க்யூட் கிடைத்தால் நல்லது. பிறகும் இரைந்தால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்கள். அது ஆடியோ கேபிளின் கிரவுண்டை மட்டும் துண்டிக்கும், கரண்டின் எர்த்தைத் தொடாது. அதற்காகத்தான் அந்த சுவிட்ச்சையே வைத்திருக்கிறார்கள்.

டேப்லெட் விட்டுப்போனால் சத்தம் நிற்காது. மிக்ஸ் நடப்பது மேடையில் இருக்கும் பெட்டிக்குள், டேப்லெட் வெறும் ரிமோட். கடைசியாக வைத்த அளவில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உங்களால் எதையும் மாற்ற முடியாது, அவ்வளவுதான். ஊளை வருகிற நேரத்தில் அது நடந்தால் வயிற்றைக் கலக்கும், அதனால் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ஆர்18ன் உள்ளேயே வைஃபை இருக்கிறது, அதை ஒத்திகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது 2.4 கிகாஹெர்ட்ஸ். ஹால் காலியாக இருக்கும்போது ஜோராக வேலை செய்யும், நூறு பேர் ஃபோனோடு உள்ளே வந்ததும் திணறும். தனி ரவுட்டர் ஒன்றை நெட்வொர்க் கேபிளால் மிக்சரோடு இணைத்து 5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள். ரவுட்டரைத் தரையில் பெட்டிக்கு நடுவே ஒளித்து வைக்காமல் ஒரு ஸ்டாண்டில் உயரமாக வையுங்கள். கிட்டாருக்கு வயர்லெஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் அவற்றில் பலவும் அதே 2.4ல்தான் ஓடும், ஒன்றை ஒன்று மிதிக்கும். மைக் வயர்லெஸ் பெரும்பாலும் வேறு அலைவரிசையில் வரும், அதில் எது அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபிளை மறக்க வேண்டாம். எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். கிட்டார் கேபிள் ஆறு மீட்டருக்கு மேல் வேண்டாம், அதற்கு மேல் டிஐயிலிருந்து எக்ஸ்எல்ஆரில் போகட்டும். போடும்போது மிக்சர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது ஸ்பீக்கர் முதலில்.


கீழ்சுருதி:

எக்ஸ்ஆர்18 முடிவு சரி. பழைய சாமான் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு யோசனை: ஸ்பீக்கரைச் சத்தமாகப் போட்டு அசந்துபோகாமல், மெதுவாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு மேலே உள்ள ஹார்னுக்கு (உயர்ந்த ஓசைகள் வரும் வாய்) அருகில் காதை வையுங்கள். ஹார்ன் டிரைவர் போயிருந்தால் கம்பளியைப் போர்த்தியது போலக் கேட்கும். சத்தமாகப் போட்டால் வூஃபர் அதை மறைத்துவிடும். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மேடையில் மானிட்டரைச் சரிசெய்யும் முறை: யாரும் வாசிக்காதபோது பாடகியின் மைக்கை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் முனக ஆரம்பிக்கிறதோ அந்த அலைவரிசையை அந்த ஆக்ஸின் ஈக்யூவில் 3 அல்லது 6 டெசிபல் இறக்குங்கள். திரும்ப ஏற்றுங்கள். மூன்று நான்கு இடத்தில் இறக்கியதோடு நிறுத்திவிடுங்கள். பத்து இடத்தில் இறக்கினால் குரலே மிச்சம் இருக்காது. அப்போது மைக்கையோ பெட்டியையோ நகர்த்துவதுதான் வழி.


ஆறாவதுகம்பி:

எர்த் விஷயத்தைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். கடைசியாக ஒன்று: எங்களிடம் பழைய ஸ்பீக்கர் ஸ்டாண்ட் இரண்டு கிடக்கிறது. புது 12 இன்ச்சுக்கு அது ஆகுமா? எவ்வளவு உயரம் ஏற்றுவது?


மேடைமூலை:

குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். இப்போதைய பெட்டிகளின் அடியில் உள்ள துளை பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் குழாய்க்கு. சில பழைய ஸ்டாண்ட் 38 இருக்கும், உள்ளே போகாது. ஸ்டாண்ட் தாங்கும் எடையையும் பாருங்கள், கால்களை முழுதாக விரித்து வையுங்கள். உயரம், ஹார்ன் முன்வரிசைக்காரரின் தலைக்கு மேலே போகிற அளவு. கூட்டம் நிற்கிற இடம் என்றால் ஹார்ன் தரையிலிருந்து இரண்டு மீட்டராவது இருக்கட்டும். எந்த மைக்கும் ஸ்பீக்கருக்கு முன்னால் போகக் கூடாது. பாடகி கூட்டத்துக்குள் இறங்கி நடக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.


ஆறாவதுகம்பி:

உள்ளவர்தான். பேசுகிறேன்.